விசிறி வேகமெடுத்த நேரங்கள்

சுலோச்சனா அம்மா இல்லையா என்று கேட்கிறீர்கள். இல்லை. இனி வரவும் மாட்டாள். வாசல் பலகையில் இரண்டு பெயர் இருப்பதைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருப்பீர்கள், உங்கள்மேல் தவறில்லை. பலகை எழுதுபவரை நாலரை மணிக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அவர் வந்து இரண்டாவது பெயரின்மேல் வெள்ளை அடித்துவிட்டால், உங்களுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு இந்தக் குழப்பம் இருக்காது.

தொலைபேசியில் அவளோடுதான் பேசினீர்களா? கார்த்திகையிலா? அப்படித்தான் இருக்கும். இந்த மையத்துக்கு அழைக்கிற பத்துப் பேரில் ஒன்பது பேர் அவளைத்தான் கேட்பார்கள். குரல் அப்படி, வெல்லப்பாகு. நான் எடுத்தால், "அந்த இன்னொரு அம்மா இல்லீங்களா?" என்பார்கள். அந்த இன்னொரு அம்மா பிளஸ் டூ. நான் சமூகவியலில் எம்.ஏ., எம்.ஃபில். இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை, தகவலுக்காகச் சொல்கிறேன்.

உட்காருங்கள் அம்மணி. உங்கள் தம்பியின் பெயர், பிறந்த நேரம், நட்சத்திரம், உங்கள் பெயர், முகவரி எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். 'குணநலன்' என்ற கட்டத்துக்கு வந்திருக்கிறோம். அங்கே என்ன எழுதச் சொன்னீர்கள்? 'சாதுவான பையன்.' பதினோரு ஆண்டுகளாகக் கோபியில் இந்தத் திருமணத் தகவல் மையத்தை நடத்துகிறேன். சாது என்று எழுதினால், வாய் திறக்க அம்மாவின் அனுமதி வேண்டும் என்று பொருள். கலகலப்பானவர் என்றால் குடிப்பார். சொந்தத் தொழில் என்றால் இன்னும் தொடங்கவில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்கள் தம்பி உண்மையிலேயே சாதுவாக இருக்கலாம். இருந்தால் அது விசாரிப்பில் தெரிந்துவிடும். எங்கள் மையத்தின் பெயரே விசாரிப்பால் வந்த பெயர். மாப்பிள்ளை வேலை பார்க்கிற இடம், குடியிருக்கிற தெரு, முடிவெட்டிக்கொள்கிற கடை, மூன்று இடத்திலும் விசாரித்த பிறகுதான் படத்தைப் பெண் வீட்டாருக்குக் காட்டுவேன். மற்ற மையங்கள் சாதகம் ஒத்துப்போனால் போதும் என்று தள்ளிவிடுகின்றன. நான் இதுவரை நாற்பத்து மூன்று பொய்களைப் பிடித்திருக்கிறேன்.

சரி, நீங்கள் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் இனி என்னால் ஓர் எழுத்தும் தட்ட முடியாது. பாருங்கள், கையை எடுத்துவிட்டேன். மணி மூன்றே முக்கால். பலகைக்காரர் வர நேரம் இருக்கிறது. இதை யாரிடமாவது சொல்லித்தான் ஆகவேண்டும். பன்னிரண்டு நாளாக நான் யாரிடமும் பேசவில்லை.

மேசைக்கு அடியில் கறுப்பாக ஒரு பெட்டி நிற்கிறதே, அதைக் கவனியுங்கள். காலை இடிக்காமல் கவனியுங்கள். இப்போது எவ்வளவு அமைதியாக இருக்கிறது? வெயிலில் படுத்த பூனைபோல. இந்த அமைதிக்கும் வயது பன்னிரண்டு நாள்தான். சுலோ இந்தப் படியை விட்டு இறங்கிய நாளும் அதுதான். இரண்டும் ஒரே நாள் என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே கேளுங்கள்.

சத்தம் முதலில் வந்தது ஆடியில். எங்கள் தொழிலில் ஆடி என்பது ஈ ஓட்டுகிற மாதம். ஆடியில் வரன் பதிய ஒருவன் வந்தால் முதலில் அவனைத்தான் விசாரிக்க வேண்டும். நானும் சுலோவும் மட்டும் எதிரெதிரே உட்கார்ந்திருப்போம். அவள் வீட்டு வேலைகளை முடித்துவிட்டுப் பதினொரு மணிவாக்கில் வருவாள், கையில் பிளாஸ்கில் சுக்குக் காப்பி இருக்கும். அன்றும் அப்படித்தான் வந்தாள். அவள் வீட்டு மாடியில் குடியிருப்பவரின் நாயைப் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாள், நான் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று மேசைக்கடியில் மாவு மில் ஓடுவதுபோல ஓர் இரைச்சல். மெதுவாகத் தொடங்கி ஏறி ஏறி, பேச்சே கேட்காத அளவுக்கு.

"ஏனுங்க்கா, உங்க பொட்டிக்குப் பேய் புடிச்சிருச்சா?" என்றாள்.

நான் திரும்பித் திரையைப் பார்த்து மவுஸைத் தொட்டேன். அடங்கிவிட்டது. அம்மணி, இதைக் கவனியுங்கள். நான் தொட்டதும் அடங்கிவிட்டது. உள்ளே கை வைத்துக்கொண்டிருந்த யாரோ ஒருவன், காலடிச் சத்தம் கேட்டதும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதுபோல. அப்போதே எனக்கு உள்ளுக்குள் ஒன்று தட்டியது. ஆனால் நான் அவசரப்படுகிறவள் அல்ல. ஐயம் வேறு, ஆய்வு வேறு. முதலில் இயந்திரத்தைப் பார்ப்போம் என்று தஸ்தகீரை அழைத்தேன்.

தஸ்தகீர் கச்சேரிமேட்டில் கணினி பழுது பார்க்கிறவர். ஐம்பது வயது, நிதானமானவர், நாணயமானவர் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வந்து பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, வாசலுக்குத் தூக்கிப்போய்க் காற்றடித்தார். ஒரு முறம் தூசி வந்தது. "இத்தன தூசிக்கு நானா இருந்தாலும் சத்தம் போடுவேனுங்க மேடம்" என்றார். அதோடு ஆவணி பிறந்தது. ஆவணி என்றால் தெரியுமே, வரிசையில் நிற்பார்கள். தலை நிமிர நேரமில்லை, தட்டித் தட்டி விரல் வீங்கிவிட்டது. மாதம் முழுக்கச் சத்தமே இல்லை. தூசிதான் காரணம் என்று நானும் நம்பிவிட்டேன்.

புரட்டாசி பிறந்தது. யாரும் வரவில்லை, வரமாட்டார்கள். சுலோ வந்தாள், பிளாஸ்க் வந்தது, பின்னாலேயே சத்தமும் வந்தது.

தஸ்தகீர் மறுபடியும் வந்தார். உள்ளே சூடாகிற சில்லுக்கும் அதன்மேல் உட்கார்ந்திருக்கிற விசிறிக்கும் நடுவில் ஒரு பசை உண்டாம், அது காய்ந்து பொருக்காகிவிட்டதாம். சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசினார். மூன்று நாளில் திரும்ப வந்தது. விசிறியையே மாற்றினார். புது விசிறி பழையதைவிட நன்றாகக் கத்தியது. பெட்டியைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்தி வைத்தோம். தகட்டைத் திறந்தே போட்டோம். மேசை விசிறியை அதன் பக்கம் திருப்பி வைத்து நான் வியர்வையில் உட்கார்ந்திருந்தேன். ஒன்றும் பயனில்லை. ஐப்பசி பிறந்ததும் தானாக அடங்கிவிட்டது. கார்த்திகையிலும் ஏறக்குறைய அமைதி. மார்கழி முதல் தேதி, மறுபடியும்.

நீங்கள் தலையாட்டுகிறீர்கள். உங்களுக்கும் ஒழுங்கு தெரிகிறதல்லவா? ஆடி, புரட்டாசி, மார்கழி. ஆள் நடமாட்டம் இல்லாத மாதங்கள். திருடன் எப்போது வருவான்? வீட்டில் ஆள் இல்லாதபோதுதான் வருவான்.

எதைத் திருட என்கிறீர்களா? அந்தப் பெட்டிக்குள் பதினோராயிரம் பேரின் படமும் சாதகமும் என் விசாரிப்புக் குறிப்பும் இருக்கின்றன. எந்த மாப்பிள்ளைக்கு எந்த மருத்துவமனையில் என்ன சிகிச்சை நடந்தது, எந்தப் பெண் யாரை விரும்பி வீட்டார் மறுத்தார்கள், எல்லாம். பேருந்து நிலையத்துக்கு எதிரே வைகாசியில் ஒரு மையம் திறந்திருக்கிறார்கள், கண்ணாடிக் கதவு, குளிர்சாதனம், வாசலில் மரத்தில் செய்த பிள்ளையார். புரட்டாசியில் நம் பையன்கள் மூன்று பேரின் படத்தை அங்கே பார்த்ததாக ஒருவர் வந்து சொன்னார். ஒரே பையனை நாலு மையத்தில் பதிவது பெற்றோரின் வழக்கம்தான், அது எனக்கும் தெரியும். ஆனால் மூன்று பேர்!

அன்றுதான் குறிப்பேட்டைத் தொடங்கினேன். இதோ, நீங்களே புரட்டிப் பாருங்கள். முதல் பத்தி தேதி. இரண்டாவது, சுலோ வந்த நேரம். மூன்றாவது, விசிறி வேகமெடுத்த நேரம். பதினொன்று எட்டுக்கு வந்திருக்கிறாள், பதினொன்று இருபத்திரண்டுக்குச் சத்தம். பதினொன்று மூன்றுக்கு வந்திருக்கிறாள், பதினொன்று பதினெட்டு. எப்படிப் பார்த்தாலும் கால் மணி நேரம். மொத்தம் நாற்பத்தொரு நாள் குறித்திருக்கிறேன்.

தற்செயல் என்பீர்கள். நானும் அப்படிச் சொல்லிப் பார்த்தேன். எம்.ஃபில். ஆய்வில் எனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடம், ஒன்று நடக்கிறது என்று காட்டினால் போதாது, அது இல்லாதபோது நடக்கவில்லை என்றும் காட்டவேண்டும் என்பது. என் ஆய்வுத் தலைப்பு, திருமண அழைப்பிதழ்களில் மணமகளின் பட்டம் அச்சாகும் எழுத்தின் அளவு. சிரிக்காதீர்கள், இருநூற்றறுபது அழைப்பிதழ்களை அளவுகோல் வைத்து அளந்தவள் நான். அதனால் சுலோ வராத நாள்களையும் குறித்தேன். பேத்திக்குக் காய்ச்சல் என்று புரட்டாசியில் ஆறு நாள் அவள் வரவில்லை. பேச ஆளில்லை, நான்பாட்டுக்குப் பதிவுப் புதுப்பிப்புக் கடிதங்களைத் தட்டிக்கொண்டே இருந்தேன். ஆறு நாளும் ஒரு முணுமுணுப்புக்கூட இல்லை. ஏழாம் நாள் வந்தாள், பதினொன்று பத்து. சத்தம் பதினொன்று இருபத்தைந்து.

பிறகு நேரடியாகவே சோதித்தேன். அவள் உள்ளே வந்ததும் வேலையை நிறுத்திவிட்டு, கையை மடியில் கட்டிக்கொண்டு, கண் கொட்டாமல் அவளையே பார்த்துக்கொண்டிருப்பேன். என்ன செய்கிறாள், எங்கே கை வைக்கிறாள் என்று. அவள் ஒன்றும் செய்யமாட்டாள். காப்பியை ஊற்றி என் பக்கம் நகர்த்துவாள். "என்னங்க்கா அப்படிப் பாக்கறீங்க, மூக்குத்தி கோணலா இருக்குதா?" என்பாள். நான் அசையமாட்டேன். சரியாகக் கால் மணி நேரத்தில் சத்தம் வரும். ஒருநாள்கூடத் தவறவில்லை. நான் எவ்வளவுக்கெவ்வளவு அசையாமல் கவனித்தேனோ அவ்வளவுக்கவ்வளவு உறுதியாக வந்தது.

எண்களை நான் நம்புவதற்குக் காரணம் உண்டு அம்மணி. பதினான்கு ஆண்டுக்கு முன்னால் என் கணவருடைய ஸ்கூட்டரின் மீட்டரை முப்பத்தொரு வாரம் குறித்து வைத்தேன். அலுவலகம் போய்வர ஆறு கிலோமீட்டர். புதன்கிழமைகளில் மட்டும் இருபத்தெட்டு ஓடியிருக்கும். போகப் பதினொன்று, வரப் பதினொன்று கூடுதல். அந்தப் பதினோராவது கிலோமீட்டரில் ஒரு வீடு இருந்தது, வீட்டில் ஒரு பெண் இருந்தாள், அவள் இடுப்பில் இரண்டு வயதுப் பையன் இருந்தான். அவர் வீட்டார் என்ன சொன்னார்கள் தெரியுமா? தங்கள் மகனைத் திட்டவில்லை. "ஊட்டுல சும்மா இருக்கறவளுக்கு இப்படித்தான் புத்தி போகும்" என்றார்கள். சும்மா! எம்.ஃபில். முடித்துவிட்டு அவர்கள் வீட்டுக்கு ஒன்பது ஆண்டு சமைத்துப்போட்டேன். அதற்குப் பெயர் சும்மா.

அன்று அந்த வீட்டை விட்டுத் துணிப்பெட்டியோடு தெருவில் நின்றபோது பக்கத்து வீட்டிலிருந்து இறங்கி வந்தவள் சுலோ. அவள் அப்போது தையல் தைத்துக்கொண்டிருந்தாள். என்ன நடந்தது என்று கேட்கவில்லை. மீட்டர் குறித்த ஏட்டைக் காட்டுகிறேன் என்று நான் நீட்டியதைக்கூட வாங்கிப் பார்க்கவில்லை. "வாங்க்கா" என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தாள். இரண்டு ஆண்டு அவள் வீட்டில் இருந்தேன். இந்த மையத்தைத் தொடங்கலாம் என்பதும் அவள் யோசனைதான். "உங்களுக்கு ஆளைப் புடிச்சுப் பொய்யைக் கண்டுபுடிக்கத் தெரியும், எனக்குப் பேசத் தெரியும், போதாதுங்களா?" என்றாள். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை. நன்றி வேறு, சான்று வேறு. இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுதக்கூடாது.

தஸ்தகீருக்கு வருகிறேன். மார்கழி ஐந்தாம் தேதி கடைசியாக ஒருமுறை வரச் சொன்னேன். அன்று அவர் எதையும் கழற்றவில்லை. நாற்காலியைப் போட்டுக்கொண்டு ஒரு மணி நேரம் பெட்டியையும் எங்களையும் பார்த்துக்கொண்டிருந்தார். சுலோ அவருக்கும் காப்பி கொடுத்தாள். அதைக் கவனியுங்கள். குடித்து முடித்துவிட்டு, என் முகத்துக்கு நேராகச் சொன்னார்: "மேடம், தப்பா எடுத்துக்காதீங்க. நீங்க சும்மா இருந்தாத்தாங்க அது சத்தம் போடுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "யார் சும்மா இருக்கிறார்கள்?" என்றேன்.

"அதில்லீங்க. நீங்க தட்டிட்டு இருக்கற வரைக்கும் அது கம்முனு இருக்கும். நீங்க கையை எடுத்துட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தீங்கன்னா, சரி, அம்மா வேலையா இல்லன்னு அது தன் சொந்த வேலையைப் பாக்கும். உள்ள இருக்கற அத்தன படத்தையும் ஒருக்கா பொரட்டும், வைரஸ் இருக்குதான்னு தேடும். சூடாவும், விசிறி ஓடும். நீங்க கையை வெச்சா நிறுத்திக்கும். எல்லாப் பொட்டியும் செய்யறதுதாங்க. உங்களுதுல படம் ஜாஸ்தி, அதான் சத்தமும் ஜாஸ்தி."

"நான் இங்கே ஒரு நிமிடம்கூடச் சும்மா இருப்பதில்லை" என்றேன்.

"சும்மான்னா சும்மா இல்லீங்க மேடம்..." என்று இழுத்தார். சுலோ சிரித்தாள். வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தாள், ஆனால் சிரித்தாள். "அக்காவப் பாத்துச் சும்மான்னு சொல்லிப்போட்டீங்களே பாய், இனி உங்களுக்குக் காப்பி கெடையாது" என்றாள்.

பிறகு தஸ்தகீர் சொன்னதுதான் முக்கியம். "வேணாம்னா அதை நிறுத்தி வெச்சரலாங்க, ரெண்டு நிமிஷ வேலை" என்று மவுஸை நோக்கிக் கையை நீட்டினார். நான் அந்தக் கையைத் தட்டிவிட்டேன். அவ்வளவு நாள் தூசி, பசை, விசிறி என்று சுற்றிவிட்டு, நான் நெருங்கி வந்த நேரத்தில், இருக்கிற ஒரே சாட்சியையும் வாயடைக்கப் பார்க்கிறார். அதுவும் அவள் காப்பியைக் குடித்த சூடு ஆறுவதற்குள். அவரை நான் மறுபடி அழைக்கவில்லை.

எட்டாம் தேதி. பதினொன்று ஐந்துக்குச் சுலோ வந்தாள். பதினொன்று இருபதுக்குச் சத்தம். நான் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, "உன் கைப்பையை இந்த மேசைமேல் கவிழ்த்துக் காட்டு" என்றேன்.

அவள் விளையாட்டு என்று நினைத்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டுக் கவிழ்த்தாள். கைக்குட்டை. இரத்த அழுத்த மாத்திரை அட்டை. ஊசி குத்திய நூற்கண்டு இரண்டு. பேருந்துச் சீட்டுகள். ஒரு பொட்டலத்தில் எள்ளுருண்டை. அது எனக்குப் பிடிக்கும் என்று கொண்டுவருவாள். அப்புறம் ஒரு சின்னப் புட்டி. அதோ, அலமாரியில் சீட்டு ஒட்டி வைத்திருக்கிறேன் பாருங்கள், அதுதான். தையல் மிஷினுக்குப் போடுகிற எண்ணெய்.

"இது எதற்கு?" என்றேன்.

"அந்த விசிறிக்குத்தானுங்க்கா" என்றாள். "சத்தம் வந்தா உங்க மூஞ்சியே மாறிப்போவுது. மிஷின் கத்துனா நாங்க ரெண்டு சொட்டு உடுவோம், கம்முனு ஆயிரும். பாய் மாத்துன புது விசிறியும் கத்துதே, ஒருவேளை எண்ணெய் போடாம உட்டுட்டாரோன்னு... நீங்க சாப்பிடப் போறப்ப உடலாம்னு வெச்சிருந்தேன்."

கேட்டீர்களா? நான் சாப்பிடப் போகும்போது. நான் இல்லாத நேரத்தில் பெட்டியைத் திறப்பது அவள் திட்டம், அவள் வாயாலேயே வந்துவிட்டது. கணினிக்குள் எண்ணெய் விடுகிறவர் உலகத்தில் உண்டா? தடயத்தை அழிக்கிறவரைத் தவிர?

நான் கேட்கவேண்டியதையெல்லாம் கேட்டேன். கண்ணாடிக் கதவு மையத்துக்கு எத்தனை படம் போயிற்று என்று கேட்டேன். யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். குறிப்பேட்டைப் பக்கம் பக்கமாகப் படித்துக் காட்டினேன், நாற்பத்தொரு நாளையும். அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. ஒரே ஒன்றுதான் கேட்டாள். "நாப்பத்தொரு நாளா என்னைக் குறிச்சு வெச்சீங்களாக்கா? நான் உங்களுக்குக் காப்பி ஊத்திக் குடுக்கறப்பவா?"

ஆமாம் என்றேன். பொய் சொல்வது எனக்குப் பழக்கமில்லை.

பொருள்களை ஒவ்வொன்றாகப் பைக்குள் போட்டுக்கொண்டாள். எள்ளுருண்டையையும்தான். எண்ணெய்ப் புட்டியை மட்டும் என் பக்கம் நகர்த்தி வைத்தாள். "இது இருக்கட்டுங்க்கா. ஆராய்ச்சிக்கு ஆவும்" என்றாள். போய்விட்டாள்.

அன்றிலிருந்து, நான் சொன்னேனே, ஒரு சத்தமும் இல்லை. என்னென்ன திருடுபோயிருக்கிறது என்று கண்டுபிடிப்பதற்காகப் பதினோராயிரம் கோப்பையும் ஒவ்வொன்றாகத் திறந்து சரிபார்த்துக்கொண்டிருக்கிறேன். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை விசைப்பலகையிலிருந்து கை எடுப்பதில்லை. சாப்பிடப் போனால் மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் போகிறேன். இதுவரை ஏழாயிரம் முடிந்தது. குறைந்தது எதுவும் இல்லை. அதாவது, குறைந்ததே தெரியாதபடி எடுத்திருக்கிறாள். நகல் எடுத்தால் அப்படித்தான், மூலம் இருந்த இடத்திலேயே இருக்கும்.

சுக்குக் காப்பியும் பன்னிரண்டு நாளாக இல்லை. அது குறிப்பிடத் தக்க செய்தி அல்ல. ஏதோ வாயில் வந்தது.

இதோ பாருங்கள், நேற்று அனுப்பியிருக்கிறாள். கைபேசியை வாங்கிப் படியுங்கள். நானே படிக்கிறேன். 'அக்கா, கண்ணாடி கதவு ஆபிஸ்ல தை ஒண்ணுல இருந்து வேலைக்கு வர சொல்றாங்க. நாளைக்கு அஞ்சு மணிக்குள்ள பதில் சொல்லணும். எனக்கு அங்க போக இஷ்டம் இல்லை. நீங்க வான்னு ஒரு வார்த்தை அனுப்புங்க போதும்.' இரண்டு வரியில் எத்தனை பிழை என்பதை விடுங்கள். அந்த மையம் இவளை ஏன் கூப்பிடுகிறது? அதைக் கேளுங்கள். குரலுக்காகக் கூப்பிடலாம், ஊரே அந்தக் குரலைத்தானே கேட்கிறது. ஆனாலும்.

ஒரு வார்த்தையாம். 'வா' என்பது வார்த்தைகூட அல்ல அம்மணி, ஓர் எழுத்து. ஓரெழுத்து ஒருமொழி என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்களே. பூ, தீ, வா, போ. ஓர் எழுத்தை அனுப்ப எனக்கு எவ்வளவு நேரம் ஆகும்? இதோ, தட்டியே வைத்திருக்கிறேன். காலை ஒன்பது மணிக்கே தட்டினேன். அனுப்புகிற பொத்தானைத்தான் அழுத்தவில்லை.

ஏனென்றால் நான் நியாயத்துக்குக் கட்டுப்பட்டவள். எனக்கு நானே ஒரு விதி வைத்துக்கொண்டேன். இன்று ஐந்து மணிக்குள், அவள் இல்லாத இந்த அறையில், ஒரே ஒருமுறை அந்தச் சத்தம் வந்துவிட்டால், அவள் குற்றமற்றவள். நாற்பத்தொரு நாளும் பொய், நான் சொன்ன அத்தனையும் பொய். பொத்தானை அழுத்திவிட்டு, பலகைக்காரரைத் திருப்பி அனுப்பிவிட்டு, அவள் வீட்டுக்கு நானே நடந்துபோய் அவள் முன்னால் நிற்பேன். என்ன வேண்டுமானாலும் சொல்லட்டும், கேட்டுக்கொள்வேன். சத்தம் வராவிட்டால் வெள்ளை அடிக்க வேண்டியதுதான். இதைவிட நேர்மையாக ஒருவரால் இருக்க முடியுமா, சொல்லுங்கள். காலையிலிருந்து காதைத் தீட்டிக்கொண்டு கோப்புகளைத் தட்டிக்கொண்டிருக்கிறேன். இயந்திரம் அசையவே இல்லை. எனக்கு மட்டும் அது வரவேண்டும் என்று ஆசை இல்லையா என்ன?

இருங்கள்.

பேசாதீர்கள். கேட்கிறதா?

கேட்கிறது. அம்மணி, கேட்கிறது. அடியில் கை வைத்துப் பாருங்கள், தகடு அதிர்கிறது. இதோ ஏறுகிறது, இதோ... அதே மாவு மில். அவள் இங்கே இல்லை. சுலோ இல்லை! ஒரு மைல் தூரத்தில் அவள் வீட்டில் இருக்கிறாள். அப்படியானால் அவள் இல்லை. அப்படியானால் நான்... எங்கே கைபேசி? கொடுங்கள். இதோ அந்த எழுத்து, இதோ பொத்தான்...

மணி என்ன? நான்கு ஒன்று.

நீங்கள் உள்ளே வந்து உட்கார்ந்து கால் மணி நேரத்துக்குமேல் இருக்குமா? நான் கையை எடுத்தது மூன்றே முக்கால். பதினாறு நிமிடம்.

ஒரு நொடி பொறுங்கள். இந்த வாசலில் கால் வைத்ததும் நீங்கள் முதலில் கேட்டது யாரை? உங்கள் தம்பிக்கு வரன் இருக்கிறதா என்று கேட்கவில்லை. கட்டணம் என்ன என்று கேட்கவில்லை. 'சுலோச்சனா அம்மா இல்லையா?' அதுதான் முதல் கேள்வி. மார்கழியில் வரன் பதிய யார் வருவார்கள்? பதினோரு ஆண்டில் மார்கழியில் வந்தவர்கள் எத்தனை பேர் என்று என்னால் விரல் விட்டுச் சொல்ல முடியும். தொலைபேசியில் பேசினேன் என்றீர்கள். எப்போது பேசினீர்கள்? கார்த்திகையிலா, நேற்றா?

இல்லை, எழுந்திருக்காதீர்கள். அந்தக் கைப்பையை மட்டும் மேசைமேல் வையுங்கள். கோபப்படுகிறீர்களே, இதில் கோபப்பட என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லாவிட்டால் கவிழ்த்துக் காட்டிவிட்டுப் போகலாம். அவளும் இப்படித்தான் என் முகத்தைப் பார்த்தாள்.

உங்கள் பெயர் என்ன சொன்னீர்கள்? சொல்லமாட்டீர்களா? வேண்டாம். விண்ணப்பத்தில் ஏற்றியிருக்கிறேன், மேலே தள்ளிப் பார்த்தால் தெரிந்துவிடும். இந்த மவுஸ் எங்கே... இதோ. கோகிலவாணி, நம்பியூர்.

பார்த்தீர்களா? கேட்டீர்களா? உங்கள் பெயரைத் தேடியதும் அடங்கிவிட்டது.

குறித்துக்கொள்கிறேன். மார்கழி இருபது. கோகிலவாணி வந்தது மூன்று முப்பத்தைந்து, விசிறி வேகமெடுத்தது நான்கு ஒன்று. நல்லவேளை. ஒரு நொடி தவறியிருந்தால் அந்த எழுத்து போய்ச் சேர்ந்திருக்கும். அழித்துவிட்டேன். தான் வராமலே சத்தத்தை வரவழைக்க ஆள் அனுப்பியிருக்கிறாள். பிளஸ் டூ படித்தவள் என்று குறைவாக எடைபோட்டுவிட்டேன்.

கதவை மெதுவாகச் சாத்திவிட்டுப் போங்கள் அம்மணி. வெளியே ஏணி சாத்துகிற சத்தம் கேட்கிறதே. பலகைக்காரர்தான். நாலரைக்கு வரச் சொன்னால் நான்கு ஐந்துக்கே வந்து நிற்கிறார். இவருக்கு என்ன இவ்வளவு அவசரம்?